தட்டட்டித் தூசியும் அடுக்களைப் புகையும்: நம் காற்றை நாமே சோதித்தறியும் முறை

திருநெல்வேலிச் சீமையில் ஆடி மாதம் மொட்டைமாடியை, நம் ஊர் வழக்கில் தட்டட்டியை, ஒரு நாள் பெருக்காமல் விட்டால் மறுநாள் ஒரு கைப்பிடி மண் சேர்ந்திருக்கும். மார்கழியில் ஒரு வாரம் விட்டாலும் வாரியலில் பெரிதாக ஒன்றும் வராது. இதைக் கண்டு ஆடிக் காற்று அழுக்கு என்றும் மார்கழிக் காற்று சுத்தம் என்றும் நாம் முடிவு செய்துகொள்கிறோம். நுரையீரலையும் இதயத்தையும் பொறுத்தவரை நிலைமை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கண்ணில் படும் தூசி விழுந்துவிடுகிறது. கண்ணில் படாத துகள் மிதந்துகொண்டே இருந்து மூச்சில் கலக்கிறது. காற்றில் மிதக்கும் இத்தகைய திட, திரவ நுண்துகள்களை ஏரோசால் என்கிறார்கள். இவ்விரண்டு வகைகளையும் வீட்டிலும் பள்ளி ஆய்வகத்திலும் பிடித்துப் பார்த்து, அவற்றின் தன்மையறிந்து, வீட்டில் மாற்ற வேண்டியதை மாற்றுவதற்கான செய்முறையைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் துகளின் அளவைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். நீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரோமீட்டர் துகள் ஒன்று, அசையாத காற்றில் நம் தலை உயரத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். அதுவே 1 மைக்ரோமீட்டர் துகளானால் ஒரு மணி நேரத்தில் ஒரு சாண்கூட இறங்காது. ஆகவே வாரியலில் வருவது பெருந்துகள் மட்டுமே. அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலாகவும் சளியாகவும் வெளியேறிவிடுகிறது. பிஎம் 2.5 என்று குறிக்கப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களோ காற்று நுண்ணறைகள்வரை செல்கின்றன. அவற்றிலும் மிகச் சிறியவை இரத்தத்தில் கலக்கவும் கூடும். மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட மூச்சடைப்பு, நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றோடு இவற்றுக்குள்ள தொடர்பு உறுதிப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வெளிக்காற்று மாசை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது.

விழும் தூசியைப் பிடித்தல்

தட்டு வைத்துத் தூசி பிடிக்கலாம் என்று பலர் தொடங்குகிறார்கள். மேல்காற்று வீசும் ஆனி, ஆடியில் உலர்ந்த தட்டில் விழுந்தது அடுத்த வீச்சிலேயே பறந்துபோகும். எனவே வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்து, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். பேட்டரிக் கடையில் கிடைப்பதே போதும்; அமிலம் கலவாதது என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். இரும்பு வாளி துருப்பிடித்து முடிவைக் கெடுக்கும். காகமும் இலைச் சருகும் விழாதபடி வாயில் அகலக் கண்ணுள்ள நைலான் வலையைக் கட்டி, புகைபோக்கிக்கும் மரத்துக்கும் எட்டத்தில், கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு மேலே இருக்கும்படி ஒரு முக்காலியில் வையுங்கள். ஏழு நாள் விடுங்கள். வெயிலில் நீர் வற்றினால் அதே நீரைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இதே நீரில் இன்னொரு பங்கை மூடியிட்ட பாட்டிலில் அடைத்து வீட்டுக்குள் தனியே வைத்திருங்கள். அந்த மூடிய பாட்டிலுக்கும் பின்னால் சொல்லும் எல்லாச் சோதனைகளையும் செய்தாக வேண்டும். நீரிலேயே உப்பு இருந்ததா, காற்றிலிருந்து வந்ததா என்பதை அந்தப் பாட்டில்தான் சொல்லும். அது இல்லாமல் பெற்ற முடிவை நான் ஏற்பதில்லை.

ஏழு நாளும் காலையிலும் மாலையிலும் காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று குறித்து வையுங்கள். மேல்காற்றா, வாடையா, கொண்டலா, தென்றலா என்று ஒரு சொல் எழுதினால் போதும். தொடக்கத்தில் இதை நான் செய்யவில்லை. பாளையங்கோட்டையில் என் வீட்டு வாளியில் ஆடி மாதம் செந்நிறத் தூசி சேர்ந்தபோது, அது சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரிக்காட்டு மணல் என்று உறுதியாக நம்பி, மாணவர்களிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். தேரி மணலின் ஒவ்வொரு பருக்கையும் இரும்பு ஆக்சைடு பூசிய சிவப்பு என்பது சரிதான். ஆனால் அந்தத் தேரிகள் எங்களுக்குத் தென்கிழக்கே, கடலோரமாக இருக்கின்றன. ஆடியிலோ செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்கிலிருந்து காற்று வருகிறது. அந்தக் காற்று தேரியின் மண்ணை மன்னார் வளைகுடாவுக்குத்தான் கொண்டுபோகும். என் வாளியில் விழுந்தது மேற்கே இருக்கும் செம்மண் தரிசுகளின் மண்ணாகவே இருந்திருக்க வேண்டும். நிறத்தை நம்புவதற்கு முன் திசையைப் பாருங்கள்.

ஏழாம் நாள் வாளி நீரை வடிதாளில் வடிகட்டுங்கள். தாளில் தங்கியதை நிழலில் உலர்த்தி மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கில் சில சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பொங்கினால் கார்பனேட் இருக்கிறது. தாழையூத்துச் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் உண்டு, சிமெண்ட் வேலை நடக்கும் தெருவிலும் அது இருக்கும், சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கற்கள் கலந்த நிலத்து மண்ணிலும் இருக்கும். ஆகவே நுரை ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டிவிட முடியாது. இரண்டாம் பங்கை இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் நன்கு பழுக்கக் காய்ச்சுங்கள். கருமை எரிந்து மறைந்தால் அது கரி. காவியோ சாம்பல் நிறமோ எஞ்சினால் அது மண். மூன்றாம் பங்கின் மேல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டும் கருந்துகள் பட்டறை இரும்பாகவும் இருக்கலாம், நிலக்கரிச் சாம்பலின் உருண்டைத் துகளாகவும் இருக்கலாம், மணலிலுள்ள கனிமமாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடியில் உருண்டையாகத் தெரிகிறதா, உடைந்த விளிம்போடு தெரிகிறதா என்பது கொஞ்சம் வழிகாட்டும்.

வடிந்த தெளிநீரில்தான் வேதியியல் தொடங்குகிறது. இந்தப் பகுதியைப் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்கையில் மட்டுமே செய்ய வேண்டும், ஏனெனில் பேரியம் குளோரைடு நஞ்சு. ஒரு சோதனைக் குழாயில் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டும் வெள்ளி நைட்ரேட் கரைசல் சில சொட்டும் விட்டால், குளோரைடு இருக்கும்போது வெண்மையாகக் கலங்கும். இன்னொரு குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு பேரியம் குளோரைடு விட்டால், சல்பேட் இருக்கும்போது வெண்மை வரும். உவரியிலோ இடிந்தகரையிலோ வைத்த வாளியில் குளோரைடுக் கலங்கல் அடர்த்தியாக இருக்கும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து உப்புத் துகளாவதே காரணம். கடல்நீரில் குளோரைடின் எடையில் ஏறத்தாழ 14 சதவீதமே சல்பேட் இருக்கிறது. ஆகவே குளோரைடு மங்கலாகவும் சல்பேட் அடர்த்தியாகவும் தெரியும் உள்நாட்டு வாளியில், அந்தச் சல்பேட் முழுவதும் கடலிலிருந்து வந்திருக்க இயலாது. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாகனப் புகையிலிருந்து உருவாகும் நைட்ரிக் அமிலம் உப்புத் துகளைத் தொட்டால் சோடியம் நைட்ரேட் துகளில் தங்கி, குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகப் பறந்துவிடுகிறது. கடலுப்பு கரையிலிருந்து நெடுந்தூரம் வருகையில் தன் குளோரைடை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதால், அது மங்கிவிட்டது என்பதற்காகக் கடற்காற்று வரவில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஐப்பசியில் மழை தொடங்கும்போது அதே வாளியைக் கழுவி வெறுமையாக வைத்து, முதல் மழையைத் தனியாகவும் மூன்றாம் நாள் மழையைத் தனியாகவும் பிடித்து, பிஎச் தாளில் நனைத்துப் பாருங்கள். கரியமிலவாயு மட்டும் கரைந்த தூய மழைநீரின் பிஎச் சுமார் 5.6. நம் நிலத்துச் சுண்ணாம்புத் தூசி அமிலத்தை ஈடுகட்டுவதால் முதல் மழை இதற்கு மேலே காட்டக்கூடும். தூசி கழுவப்பட்ட பின் பெய்வது அதைவிடக் கீழே வரலாம்.

மிதக்கும் புகையைப் பிடித்தல்

அடுப்பு, குப்பைத் தீ, டீசல், செங்கல் சூளை ஆகியவற்றின் புகையில் நேரடியாக வருபவை கரியும் எரியாத கரிமப் பொருளும். இவற்றைவிடச் சிந்திக்க வைப்பவை காற்றிலேயே பிறக்கும் துகள்கள். நிலக்கரி எரிகையில் வரும் கந்தக டை ஆக்சைடு வாயு, பகலில் ஹைட்ராக்சில் என்னும் வினைவேகம் மிக்க மூலக்கூறாலும், மேகத் துளிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடாலும் கந்தக அமிலமாகிறது. மாட்டுத் தொழுவத்திலிருந்தும் யூரியா இட்ட வயலிலிருந்தும் எழும் அம்மோனியா அதைச் சந்தித்து அம்மோனியம் சல்பேட் துகளாக்குகிறது. இந்த மாற்றம் நிகழச் சில மணி நேரம் முதல் சில நாள்வரை ஆகும் என்பதால், கடற்கரையில் ஒரு புகைபோக்கியை விட்டுக் கிளம்பும்போது வாயுவாக இருந்தது, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் துகளாக ஒருவர் மூச்சில் நுழையலாம். பொதிகை மலைக் காடுகள்கூடத் தம் பங்குக்கு மணமுள்ள ஆவிகளை விடுகின்றன. அவையும் காற்றில் ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கரிமத் துகளாகின்றன. காற்றில் உள்ள துகளுக்கெல்லாம் அடுத்த தெருவிலேயே மூலத்தைத் தேடக் கூடாது.

கரியைக் கண்ணால் காண ஓர் எளிய வழி உண்டு. மூன்றடுக்கு மருத்துவ முகக்கவசத்தைப் பிரித்தால் நடுவில் வெள்ளையாக ஓர் அடுக்கு இருக்கும். நுண்துகளைப் பிடிப்பது அதுதான். அதை வட்டமாக வெட்டி, வேக்குவம் கிளீனர் குழாயின் வாயில் ரப்பர் வளையத்தால் இழுத்துக் கட்டி, அடுக்களையில் சமைப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில் பிடித்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். மோட்டார் சூடேறாமலிருக்க இடையில் நிறுத்தி, மொத்தம் பதினைந்து நிமிடம் ஆக்கலாம். விறகடுப்புள்ள வீட்டில் அந்த வெள்ளை வட்டம் சாம்பல் நிறமாகவோ கருப்பாகவோ மாறும். எரிவாயு அடுப்புள்ள வீட்டில் பெரும்பாலும் வெளிர்நிறமாகவே இருக்கும், தாளிப்பு நேரத்தில் எண்ணெய்ப் புகையின் மஞ்சள் சாயல் வரலாம். வடிகட்டியின் கருமையைக் கைப்பேசியில் படமெடுத்துக் கரியின் அளவை மதிப்பிடும் முறையை, காலநிலை அறிவியலாளர் வீரபத்ரன் ராமநாதனின் சூர்யா திட்டம் வட இந்தியக் கிராம அடுப்புகளில் பயன்படுத்தியது. நாம் செய்வது அதன் எளிய வடிவம். படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, எப்போதும் ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். சல்பேட்டுக்கு நிறமில்லாததால் இந்த முறையில் அது தெரியாது.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் லேசர் உணரிக் கருவி வாங்கினால் கரியும் சல்பேட்டும் சேர்ந்த மொத்த அளவு எண்ணில் தெரியும். அக்கருவி, துகளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியை அளந்து, அதிலிருந்து எடையைக் கணக்கிட்டுச் சொல்கிறது. உப்புத் துகளும் சல்பேட் துகளும் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். சோடியம் குளோரைடு ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்போதும் அம்மோனியம் சல்பேட் 80 சதவீத அளவிலும் கரைந்து துளியாகிவிடுகிறது. பருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிப்பதால் மார்கழி விடியலில் கருவி உண்மையைவிடக் கூட்டிச் சொல்லும். அதனால் ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதி, 70 சதவீதத்துக்குக் கீழுள்ள அளவீடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

கிடைத்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதும் முக்கியம். இந்தியத் தரம் பிஎம் 2.5க்கு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமும், ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமும் அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டி அளவுகள் முறையே 15, 5. நம் காற்றுத் தரக் குறியீட்டில் பச்சை நிறத்தில் ‘நல்லது’ என்று காட்டப்படும் நிலை பிஎம் 2.5 அளவு 30 வரை நீள்கிறது. அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு நாள் அளவைப்போல் இரு மடங்கு. ஆஸ்துமா உள்ள பிள்ளையோ இதய நோயுள்ள பெரியவரோ இருக்கும் வீட்டில் பச்சை நிறத்தைக் கண்டு முழுதும் நிம்மதி அடைய வேண்டாம் என்பதே என் கருத்து.

மார்கழியும் தையும் ஏன் மோசம்

மழை ஓய்ந்த பின் இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. தரையையொட்டிய குளிர்ந்த காற்றின் மேல், அதைவிடச் சூடான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுவதால், ஊரின் அடுப்புப் புகையும் குப்பைப் புகையும் மேலே போக வழியின்றிக் கூரை உயரத்திலேயே தேங்குகின்றன. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குத்தான் அந்த மூடி கலைகிறது. விடியலுக்கு முன் கோலமிடும் பெண்களும் நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களும் அந்தத் தேக்கத்தின் நடுவில்தான் நிற்கிறார்கள். போகியன்று டயர் கொளுத்தினால் அந்த மூடியின் அடியிலேயே புகை தங்குகிறது. இதோடு வடகிழக்கிலிருந்து வரும் காற்று, துணைக்கண்டத்தின் புகையையும் தெற்கே கொண்டுவருகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு, இந்தப் பழுப்புப் படலம் கடலின் மேல் வெகுதூரம் பரவியிருந்ததைக் காட்டியது. நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் ராமநாதனும் அதற்குத் தலைமை தாங்கினார்கள்.

அப்படலம் தட்பவெப்பத்தை இரு திசையிலும் இழுக்கிறது. சல்பேட் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கிறது. 1991இல் பிலிப்பைன்சின் பினாடூபோ எரிமலை வீசிய கந்தகம் உலகின் சராசரி வெப்பநிலையை ஏறத்தாழ அரை டிகிரி குறைத்தது. கரியோ ஒளியை விழுங்கிக் காற்றைச் சூடாக்குகிறது. தரைக்கு வரும் வெயிலைக் குறைத்து, கடலிலிருந்து நீர் ஆவியாவதையும் மட்டுப்படுத்துகிறது. நுண்துகள் கூடினால் மேகத் துளிகள் எண்ணிக்கையில் பெருகி அளவில் சிறுத்துவிடுவதால், அவை ஒன்றுசேர்ந்து மழையாவது தாமதப்படலாம். தட்பவெப்ப மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஏரோசால்களின் மொத்த விளைவைச் சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 வாட் குளிர்ச்சி என்று மதிப்பிட்டது, அது 0.4 முதல் 1.7 வரை எங்கேயும் இருக்கலாம். புகை குளிர்விக்கிறதென்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாராவது சொன்னால், அதை ஏற்க வேண்டியதில்லை. துகள்கள் மழையில் கழுவப்பட்டுச் சில நாளில், மிஞ்சினால் இரண்டொரு வாரத்தில் மறைகின்றன. கரியமிலவாயுவில் கணிசமான பங்கு நூற்றாண்டுகள் தங்குகிறது. அந்தச் சில நாள் நிழலுக்காக நாம் கொடுக்கும் விலை நம் மூச்சு.

வீட்டில் செய்ய வேண்டியவை

அடுக்களையிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் நாம் மாற்றக்கூடிய புகையில் மிக அதிகமானது அங்கேதான் இருக்கிறது. எரிவாயு இணைப்பு உள்ள வீடுகளிலும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் விறகடுப்பு தொடர்கிறது. அந்த அடுப்பை வீட்டுக்கு வெளியே, காற்று வீட்டைத் தாண்டிப் போகும் பக்கத்தில் அமைத்து, விறகை நன்கு உலர்த்திப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து எரியுங்கள். ஈர விறகும் ஒரேயடியாகத் திணித்த விறகும் எரியாமல் புகைகின்றன. பனைத் தொழிலாளர் குடிசையான விடிலியில் மணிக்கணக்கில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் பெண்கள் படும் புகை, ஊர் வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு. அடுப்பு வாயைக் காற்றுத் திசைக்கு ஏற்ப மாற்றி வைக்கவும், கூரைக்கு மேல் எழும் புகைக்குழாய் வைக்கவும் பனைத் தொழிலாளர்களுக்கு உதவி கிடைத்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மேலப்பாளையம், முக்கூடல் போன்ற ஊர்களில் பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூளே காற்றில் மிதக்கிறது. குழந்தை தூங்கும் அறையில் சுற்றாமல், காற்றோட்டமுள்ள திண்ணையில் அமருங்கள். தூளை மூடிய டப்பாவில் வையுங்கள். உலர்ந்த வாரியலால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சமைக்கும் முன்னும் பிள்ளையைத் தூக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் ஏற்றுவதைக் கைவிடுங்கள். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். கொசுவலை அந்த வேலையைப் புகையின்றிச் செய்யும்.

மார்கழி, தையில் சன்னலை விடியலில் திறக்காமல் வெயில் ஏறிய பின் திறந்து, அந்தியில் ஊர்ப்புகை எழுமுன் மூடுங்கள். நடைப்பயிற்சியையும் ஒன்பது மணிக்கு மேலோ மாலை நான்கு மணி வாக்கிலோ மாற்றிக்கொள்ளுங்கள். ஆடியில் இந்த ஒழுங்கு தேவையில்லை. மேற்குப் பக்கத்துச் சன்னலில் ஈரத்துணித் திரை கட்டினால் மண்ணில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது செம்மண் தூசிக்கு ஓரளவு உதவும், புகைக்கு உதவாது. குப்பைமேடு எரியும் நாளில் வெளியே போயே தீர வேண்டியவர்கள், விளிம்பில் இடைவெளியின்றிப் படியும் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். வீட்டுக் குப்பையில் பிளாஸ்டிக்கைச் சேர்த்து எரிக்கவே கூடாது. பிவிசி எரிகையில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உருவாகி, சாம்பலோடு சேர்ந்து கோழி கொத்தும் மண்ணிலும் தங்குகிறது.

இவற்றில் எதை மாற்றினாலும், மாற்றிய பத்தாம் நாள் அதே அடுக்களையில், அதே சமையல் நடக்கும் அதே நேரத்தில், புதிய வெள்ளை வட்டம் ஒன்றைக் கட்டிப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். பழைய வட்டத்தையும் புதியதையும் நோட்டில் அருகருகே ஒட்டி, கீழே தேதியும் காற்றின் திசையும் அன்று எரித்தது என்ன என்பதும் எழுதி, சமைப்பவரிடம் காட்டுங்கள்.